இரண்டாக அறுத்த பெட்டி

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஜாய்ஸ்டிக் பெட்டி கட்டுவது எப்படி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்த வயர் எங்கே போகும் என்பதைச் சுதாகர் தம்பி காட்டித் தருவார். அவருக்கு நேரமில்லாவிட்டால் போனில் பார்த்துப் படித்துக்கொள்வீர்கள். உங்களுக்குத்தான் போனை விட்டால் வேறு வாத்தியார் கிடையாதே. போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விரல் நடுக்கம் வந்து வேலையை விட்ட பிறகு வத்தேகமவில் வீட்டோடு இருக்கிறேன். மகள் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கடை திறக்கும் நேரமானால் மனம் தானாகவே கண்டி பஸ்ஸில் ஏறிவிடுகிறது. மணிக்கூண்டுப் பக்கத்து இரைச்சல், நம்முடைய ஒடுங்கிய மாடிப்படி, ஈயம் உருகும்போது வரும் புகை மணம், புதுப் பட்டனை முதன்முதலாக அழுத்தும்போது அடியில் ‘டிக்’ என்று கேட்கிற அந்தச் சின்னச் சத்தம். எல்லாவற்றுக்கும் ஏங்கிப்போகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போன கிழமை அறையில் லைட் சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதுமாக நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, கரண்ட் போயிருச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நம்மிடம் வருகிறவர்களும் இப்படி ஏதோ ஒன்றுக்கு ஏங்கித்தான் வருகிறார்கள். விளையாடுவதற்கு மெஷினோடு கிடைக்கும் பிளாஸ்டிக் கன்ட்ரோலர் போதும். மரப்பெட்டியில் இடப்பக்கம் உருண்டைத் தலை வைத்த ஸ்டிக்கும் வலப்பக்கம் வட்டப் பட்டன்களும் கேட்டு வருகிறவர், ஒரு காலத்தில் வீடியோ கேம் கடையில் டோக்கன் போட்டு நின்று விளையாடியவர். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், மனைவிக்குச் சத்தம் ஆகாது என்று சத்தமே வராத பட்டன்களாகப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தோம். பத்து நாளில் திரும்பி வந்து, பழைய சத்தம் போடுகிற பட்டன்களையே மாட்டித் தரச் சொன்னார். மனைவி என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் சொல்லவந்தது பரீனாவைப் பற்றி.

பரீனா திகனக்காரி. கணவரோடு சேர்ந்து அங்கே பாத்திரக் கடை நடத்துகிறவள். நாற்பதை நெருங்கும் வயது. ஒரு மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். வீட்டு டீவியில் பூட்டுவதற்கு ஒரு ஜாய்ஸ்டிக் பெட்டி வேண்டும் என்றாள். சின்ன வயதில் கண்டியில் பழைய தியேட்டர் பக்கத்துச் சந்தில் இருந்த வீடியோ கேம் கடையில் விளையாடிய அதே சண்டை விளையாட்டு, அதே மாதிரி ஸ்டிக் என்று கேட்டாள். ஒரு பெண்பிள்ளை அந்தக் கடைக்குள் போயிருக்கிறாள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானாவோடு போவேன் என்றாள். அவர்களுடைய பேச்சில் அண்ணன் நானா, அம்மா உம்மா, கணவர் மாப்பிள்ளை.

“ரெண்டு பெட்டியா செஞ்சிரலாமா?” என்று கேட்டேன். “ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எதிராளிக்கு.”

“ஓணாம் அக்கா, ஒண்டு போதும்.”

கைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி கட்டுமுன் ஆளின் இரண்டு கைகளையும் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு எடுப்பது நம் கடை வழக்கம். பரீனா வலக்கையைச் சட்டென்று வைத்தாள். இடக்கையைக் கேட்டபோது, “அதும் ஓணுமா?” என்று யோசித்து வைத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே கதை வந்துவிட்டது. மனதில் பாரம் உள்ளவர்கள் கையை நீட்டி வைத்தால் வாயும் திறந்துவிடும். பரீனாவின் நானா நிஸார் பல வருடமாக வெளிநாட்டில் லொறி ஓட்டுகிறார். உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது அவர் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் பரீனா போனில், “உம்மாட முகத்தப் பாக்க வராத ஆள் இனி வந்தென்ன, வராட்டி என்ன” என்று சொல்லிவிட்டாள். அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தார். அதன் பிறகு பெருநாளுக்குப் பெருநாள் சலாம் மட்டும்தான். இப்போது முதல் தடவையாக லீவில் வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தார்.

“வந்தீக்கிறார், ஆனா பேச்சில்ல அக்கா. சோறு வைக்கட்டா எண்டா ம் எண்டுவார். டீ தரட்டா எண்டா ம். எங்கட மாப்பிள்ளையிட்ட சொன்னாராம், இது கடைசிப் பயணம், உம்மாவும் இல்ல, இனி எனக்கு இங்க என்ன ஈக்குது எண்டு.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை. கடதாசியில் இருந்த தன் கைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் மன்னிப்புக் கேக்கப் போனா அவர் எழும்பிப் போயிடுறார். அவர் போகமுந்தி இது ஓணும்.”

அவர் திரும்பிப் போகுமுன் பெட்டி வேண்டும். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். நானா பார்க்க இவள் விளையாடுவாள், பழைய நினைவு வரும், மனம் இளகும் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டு, அந்தக் கதைக்குப் பொருத்தமாக ஒரு பெட்டியும் கட்டினேன். பலாப் பலகையில், மடியில் வைத்து விளையாடும் அளவுக்குச் சின்னதாக, மூலைகள் எல்லாம் உருட்டி, வார்னிஷ் மூன்று பூச்சு. கண்டி மழையில் வார்னிஷ் காய்வதற்குள் மனிதருக்குப் பொறுமை போய்விடும். மின்விசிறிக்கு முன்னால் வைத்துக் காய வைத்தேன். நான் செய்தவற்றில் அழகான பெட்டி அது. சுதாகர் அதைப் படம் பிடித்துக் கடைச் சுவரில் ஒட்டினார். நீங்கள் தினமும் பார்க்கிற படம்தான்.

நிஸார் பயணப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, கடை திறந்த கையோடு பரீனா வந்தாள். பெட்டியைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கடை டீவியில் பூட்டிக் கொடுத்து விளையாடிப் பார்க்கச் சொன்னேன்.

வலக்கையைப் பார்த்து அசந்துபோனேன். இத்தனை வருடம் தொடாதவள் என்று சொல்லவே முடியாது. விரல்கள் பட்டனுக்குப் பட்டன் தாவின. ஆனால் இடக்கை ஸ்டிக்கின் மேல் சும்மா கிடந்தது. திரையில் அவளுடைய ஆள் நின்ற இடத்திலேயே நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தான். எதிராளி வந்து அடித்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஸ்பிரிங் இறுக்கமோ என்று இளகலான ஸ்பிரிங் மாற்றினேன். உருண்டைத் தலையை எடுத்து நீளத் தலை போட்டேன். “கைய இறுக்காதீங்க, மணிக்கட்டுல இருந்து திருப்புங்க, பழகப் பழகச் சரியாயிரும்” என்று பாடம் வேறு நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன், என் வாய் உங்களுக்குத் தெரியும். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஒவ்வொரு தடவையும் தோற்றாள். கடைசியில் குரல் இறங்கி, “பரவால்ல அக்கா, நல்லாத்தான் ஈக்குது. சுத்தித் தாங்க, கொண்டு போறேன்” என்றாள்.

பிள்ளைகளே, வாடிக்கையாளர் பரவாயில்லை என்று சொல்லும் அந்த நேரத்தைக் கவனியுங்கள். பொருளை எடுத்துக்கொண்டு போக அவரே சம்மதித்துவிட்டார். நம் தலையிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. அங்கேதான் நம் வேலை கெட்டுப்போகிறது. சுற்றுவதற்குப் பத்திரிகைத் தாளை எடுத்துவிட்டேன். பெட்டியை வாங்கத் திரும்பும்போதுதான் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து திரையையும் ஸ்டிக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. அகலமான கதிரை. அதில் பரீனா வலப்பக்க ஓரத்தில் ஒடுங்கி, பாதி கதிரையை வெறுமையாக விட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அசைந்தால் கீழே விழுந்துவிடுவாள்.

“ஏம்மா இப்புடி ஓரத்துல ஒக்காந்திருக்கீங்க? நல்லாத் தள்ளி ஒக்காருங்க.”

“தள்ளி இருந்தா நானா எங்க இருக்கிற?” என்றாள். மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நானாவா?”

“நானாதானே அத ஆட்டுற. நான் இதுகள அடிக்கிற.” ஸ்டிக்கையும் பட்டன்களையும் காட்டினாள். “அதுக்குத்தானே ரெண்டு பக்கமும் வேற வேறயா வெச்சீக்கிறாங்க.”

சுதாகரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்தது ஒரு டோக்கன். ஒரே ஸ்டூலில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, நானா ஸ்டிக்கைப் பிடிக்க, தங்கை பட்டன்களை அடித்திருக்கிறாள். அவர் ‘அடி’ என்றால் அடி, ‘இரி’ என்றால் பொறுத்திரு. அதுதான் விளையாட்டின் முறை என்று நினைத்து வளர்ந்துவிட்டாள். உலகமெங்கும் ஒரே ஆள்தான் இரண்டு கையாலும் விளையாடுகிறான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். “ஒரு ஆளா? ரெண்டையுமா?” என்று நம்பாமல் கேட்டாள். பிறகு, “அப்பிடி விளையாடி என்ன?” என்றாள்.

அவளுடைய திட்டம் அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவள் விளையாடிக் காட்டப் போகவில்லை. நானாவின் பக்கத்தில் போய் உட்காரப் போகிறாள். பேச்சுக் கொடுத்தால் எழும்பிப் போகிற மனிதர், ஸ்டிக்கைப் பிடித்துவிட்டால் எழும்பமாட்டார் என்பது அவளுடைய கணக்கு. நானோ ஒரு ஆளின் மடிக்குப் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து கை வைக்க இடமில்லை. நிஸாரும் இப்போது நல்ல உடம்புக்காரர் என்று அவளே சொன்னாள்.

சுதாகர் புதிதாக அகலப் பெட்டி செய்யலாம் என்றார். பலகை தயார் செய்து, துளை போட்டு, பூசிக் காய வைக்க, மழை விட்டாலும் நான்கைந்து நாள் ஆகும். நிஸாருக்கு நாளை மறுநாள் விமானம். நான் பெட்டியைத் திருப்பி அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்டிக்கிலிருந்து பட்டன் பக்கம் போவது ஐந்தே வயர். நடுவில் விரல் அகலத்துக்கு வெறும் பலகை இருந்தது. மரம் அறுக்கும் வாளை எடுத்தேன்.

“அக்கா, வேணாம்” என்றார் சுதாகர். “சட்டம் விட்டுப்போயிரும். மிச்சமும் இல்லாமப் போகும்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அறுவையில் பலகை பிளந்தால் பரீனா வெறுங்கையோடு போக வேண்டியதுதான். ஒன்றும் செய்யாமல் கொடுத்தால் ஒரு அழகான பெட்டியாவது அவளிடம் இருக்கும். அவளையே கேட்டேன். “இதை ரெண்டா அறுக்கப் போறேன். ஒரு துண்டு அவருக்கு, ஒரு துண்டு உங்களுக்கு. நடுவுல வயர் போட்டுத் தர்றேன். ஒடஞ்சா ஒடஞ்சதுதான். என்ன சொல்றீங்க?”

அவள் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “அறுங்க” என்றாள்.

மூன்று பூச்சு வார்னிஷின் மேல் வாளின் பல் ஏறியபோது பெற்ற பிள்ளையை அடித்தது போல இருந்தது. சுதாகர் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசி அங்குலத்தில் ஒரு சிம்பு பெயர்ந்தது, அவ்வளவுதான், பலகை பிளக்கவில்லை. அறுத்த வாய்களைப் பலகைத் துண்டு வைத்து மூடினோம். அந்தப் பக்கங்களுக்கு வார்னிஷ் பூச நேரமில்லை. காயாமல் பிசுபிசுத்தால் அசிங்கம் என்று உப்புத்தாள் மட்டும் போட்டு வெறும் மரமாகவே விட்டேன்.

பிறகு வயர். எவ்வளவு நீளம் என்பதில் சுதாகருக்கும் எனக்கும் சின்னச் சண்டை. “குட்டையாப் போடுங்க அக்கா, அப்பதானே பக்கத்துல வந்து ஒக்காருவார்” என்றார் அவர். நல்ல யோசனைதான், கதைப் புத்தகத்தில் நடக்கும். நான் பரீனாவிடம், வீட்டில் நானா எங்கே உட்காருவார் என்று கேட்டேன்.

“கதவுப் பக்கத்துக் கதிரையில. நான் ஈக்கிற செட்டிக்குத் தூரம்” என்றாள். “கிட்ட வருவாரோ தெரியா அக்கா.”

கதவுக் கதிரையிலிருந்து செட்டி என்கிற அந்த நீளச் சோபா வரைக்கும் எட்டும்படி நீளமான வயர் போட்டேன். மனஸ்தாபத்தில் இருக்கிற ஆளை வயரைப் போட்டு இழுக்கக் கூடாது. அவர் இருக்கிற இடத்துக்குப் பொருள் போக வேண்டும். இதை நீங்கள் எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். யாராவது நடுவில் நடந்து கால் தடுக்கினால் பெட்டி விழுந்து உடையாமல் இருக்க, பட்டன் துண்டில் ஒரு சொக்கெட் வைத்து, வயரை அதிலிருந்து கழன்று வரும்படி செய்தேன். கடை மூடும் நேரத்துக்கு வேலை முடிந்தது. இரண்டு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு திகன பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதன் பிறகு செய்தி இல்லை. நிஸார் போகிற நாள் வந்தது, போனது. வேலையில் எனக்கு மனம் ஓடவில்லை. போன் எடுத்துக் கேட்போமா என்று சுதாகர் கேட்டார். கேட்டு, நடக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நான் தடுத்துவிட்டேன். மாடிப்படியில் குடை தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அடுத்த கிழமை வந்தாள். பையிலிருந்து பட்டன் துண்டை மட்டும் எடுத்து மேசையில் வைத்தாள். ஏதோ பழுதாகிவிட்டது என்று அதைத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

“பழுதொண்டுமில்ல” என்றாள். கதிரையை இழுத்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

பயணத்துக்கு முதல் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டீவியில் விளையாட்டைப் போட்டு, ஸ்டிக் துண்டை நானாவின் கதிரைக் கையில் வைத்துவிட்டு, தன் துண்டோடு செட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை. திரையில் அவர்களுடைய ஆள் நின்ற இடத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை செத்தான். மூன்றாவது தடவை அவன் ஒரு அடி முன்னால் நகர்ந்தான்.

“நான் திரும்பிப் பாக்கல்ல அக்கா. பாத்தா விட்டுருவார் எண்டு பயம். அவர் ‘அடி’ எண்டார். அடிச்சேன். ‘இரி, இரி, இப்ப’ எண்டார். எல்லாம் அதே மாதிரி. நாங்க தோத்துட்டோம். ‘இன்னொண்டு போடு’ எண்டார்.”

அஸர் தொழுகை நேரம் தாண்டியும் விளையாடியிருக்கிறார்கள். நடுவில் ஒரு இடத்தில், டீவியைப் பார்த்தபடியே நிஸார் சொன்னாராம்: உம்மாவின் செய்தி வந்த அன்று உடுப்புப் பெட்டி அடுக்கி வைத்துவிட்டு இருந்தேன், பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில், அவன் தரவில்லை, லொறியின் கீழே உட்கார்ந்து அழுதேன் என்று. பரீனாவும் டீவியைப் பார்த்தபடியே, “எனக்கு ஏன் சொல்லல்ல நானா?” என்று கேட்டிருக்கிறாள். “நீ கேக்கல்லயே” என்றிருக்கிறார். பிறகு, “அடி, அடி” என்றிருக்கிறார். அவளுக்குக் கண் மறைத்து எந்தப் பட்டன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து அடித்தாளாம். அந்த ஒரு தடவைதான் வென்றார்களாம்.

சுதாகர் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அவரோட துண்டு எங்கம்மா?” என்று கேட்டேன்.

“கொண்டு போயிட்டார்.” அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. “விடியக்காலம் வேனில ஏத்தி அனுப்பிட்டு உள்ளுக்கு வந்து பாத்தா, கதிரையில இல்ல. வயரக் கழத்தி, சுருட்டி, அவர்ட உடுப்புப் பெட்டியில போட்டுக் கொண்டு போயீக்கிறார். என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல.”

“அங்க அதை வச்சு அவருக்கு என்ன செய்ய முடியும்? இதுவும் தனியா ஒண்ணுக்கும் ஆகாதே. ஸ்டிக் இல்லாம உங்க ஆள் நகரவே மாட்டான்” என்றேன். கைகள் பரபரத்தன. “அதே அளவுல இன்னொரு துண்டு செஞ்சு தர்றேன். பூச்சு காயறத விட்டா அரை நாள் வேல.”

“ஓணாம் அக்கா” என்றாள் பரீனா. “நீங்க செஞ்சி தந்தா அவர் எதுக்கு வாற?”

அளவெடுக்க நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் வந்தது வேறு காரியத்துக்கு. துண்டைத் திருப்பி, வயர் பூட்டுகிற சொக்கெட்டைக் காட்டினாள். “இதுக்கு ஒரு மூடி போட்டுத் தாங்க, தூசி போகாம. எவ்வளவு காலமாகுமோ தெரியாதே.”

ரப்பர் துண்டொன்றை வெட்டி, தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்து மூடி செய்தேன். மூடி எங்காவது கழன்று விழுந்துவிடும், ஸ்குரூ போட்டு இறுக்கிவிடலாமே என்றார் சுதாகர். நான் மறுத்துவிட்டேன். விரல் நுனியால் தொட்டால் கழன்று வருகிற மாதிரியே வைத்தேன். அவர் வந்து கதவைத் தட்டுகிற அன்று அவள் ஸ்குரூ டிரைவர் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.